டில்லின்னா எந்த டில்லி?

போன வாரம் திருச்சியிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். "அடுத்த மாசம் நானும் சித்தியும் ஹரித்வார் போறோம்டா. டில்லியில இறங்கி வண்டி மாறணுமாம். நீ வந்து ஏத்தி விட்டுடு."

"எந்த டில்லி சித்தப்பா?"

"டில்லி ஒண்ணுதானேடா?"

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 2003-ல் அப்பாவும் அம்மாவும் முதல் தடவை இங்கே வந்தார்கள். மகாளய அமாவாசைக்கு ஹரித்வாரில் தாத்தாவுக்குத் தர்ப்பணம் பண்ண வேண்டும் என்பது அப்பாவின் பல வருட ஆசை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்கினார்கள். ராத்திரி ஹரித்வார் வண்டி. கங்கை ஜலம் எடுக்க அம்மா இரண்டு செப்புச் சொம்பு கொண்டுவந்திருந்தாள்.

டிக்கெட்டில் வெறும் 'டெல்லி' என்று போட்டிருந்தது. காலையில் இறங்கிய அதே புதுடில்லி ஸ்டேஷனுக்கு நான் அவர்களைக் கூட்டிப் போனேன். போர்டில் அந்த வண்டியே இல்லை. விசாரித்தால், "அது புரானி தில்லியிலிருந்து போகும்" என்றார்கள். ஆட்டோ பிடித்து, நெரிசலில் ஊர்ந்து, ஓடிப்போய்ப் பார்த்தபோது கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

டில்லிக்கு வந்து எட்டு மாதம் ஆகியும் எனக்கு இது தெரியவில்லை. ஒரே ஊருக்கு ஏன் இத்தனை ஸ்டேஷன் என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

முதலில் வந்தது பழைய டில்லி. கல்கத்தாவிலிருந்து கிழக்கிந்திய ரயில்வே கம்பெனியின் பாதை 1864-ல் டில்லியை எட்டியது. யமுனை மேல் இரும்புப் பாலம் 1866-ல் முடிந்தது. 1857 கலகத்தை அடக்கிய கையோடு போட்ட பாதை. அதனால் கோட்டை, மதில் என்று எதையும் பார்க்கவில்லை; சலீம்கர் கோட்டையை ஊடுருவி, செங்கோட்டையை ஒட்டி, மதில் சூழ்ந்த ஊருக்குள் தண்டவாளத்தைக் கொண்டுபோனார்கள். இன்று நாம் பார்க்கும் சிவப்புக் கட்டடம் 1903-ல் திறந்தது. அப்போது ஊரே அதுதான். அதனால் ஸ்டேஷன் பெயர் வெறும் 'டெல்லி'. ரயில்வே கணக்கில் இன்றைக்கும் அதற்குப் பெயர் டெல்லி ஜங்ஷன். 'பழைய' என்பது நாம் சேர்த்துக்கொண்டது. நான் ஏமாந்தது இங்கேதான்.

1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். புது நகரத்துக்குத் தேர்ந்தெடுத்த இடத்தின் நடுவே ஆக்ரா ரயில் பாதை ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் இன்றைய இந்தியா கேட் பக்கமாக! அந்தப் பாதையையே பெயர்த்து யமுனைப் பக்கம் தள்ளிப் போட்டார்கள். நிஜாமுதீன் வழியாகப் போகும் அந்தப் புதுப் பாதை 1924-ல் திறந்தது. மழை வந்தால் பஸ் முழுகி டிவியில் வருமே, அந்த மிண்டோ பாலமும் அப்போது கட்டியதுதான். 1926-ல் அஜ்மேரி கேட்டுக்கும் பஹாட்கஞ்சுக்கும் நடுவே ஒரே ஒரு பிளாட்பாரத்தோடு ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு அனுமதி கிடைத்தது. அதுதான் புதுடில்லி. இன்றைக்கு அங்கே 16 பிளாட்பாரம்.

நம்மூர் வண்டிகளின் கதை தனி. ஜி.டி. எக்ஸ்பிரஸ் 1929-ல் கிளம்பியபோது பெஷாவரிலிருந்து மங்களூருக்கு ஓடியது. பிறகுதான் டில்லி - மெட்ராஸ் வண்டி ஆனது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976-ல் வந்தது. இரண்டும் இப்போது புதுடில்லிக்கு வருகின்றன. ஆனால் கன்னியாகுமரியிலிருந்து மதுரை, திருச்சி வழியாக வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீனோடு நின்றுவிடும். சென்னை ராஜதானியும் அங்கேதான். நெரிசலைக் குறைக்க 2009-ல் யமுனைக்குக் கிழக்கே ஆனந்த் விஹாரையும் திறந்தார்கள்.

நமக்கு இது புதிதே இல்லை. திருச்சியிலிருந்து எழும்பூர் வந்து, மூட்டை முடிச்சோடு சென்ட்ரலுக்கு ஓடியவர்கள்தானே நாம்! சென்ட்ரல் 1873-ல் மெட்ராஸ் ரயில்வேயின் அகலப் பாதைக்குக் கட்டியது. எழும்பூர் 1908-ல் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜுக்கு. அப்பாவுக்கு அது தூக்கத்தில்கூடத் தெரியும். டில்லியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவன் நான்.

அதனால் பெற்றவர்களை வரச்சொல்லும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். டிக்கெட்டில் இறங்கும் ஸ்டேஷன், ஏறும் ஸ்டேஷன் இரண்டின் பெயரையும் முழுசாகப் படியுங்கள். 'டெல்லி' என்று மட்டும் இருந்தால் அது பழைய டில்லி, என்.டி.எல்.எஸ். என்றால் புதுடில்லி. 2005-லிருந்து இரண்டுக்கும் நடுவே மெட்ரோ ஓடுகிறது. அஜ்மேரி கேட் பக்கம் வெளியே வந்து ஏறினால், சாவ்ரி பஜார் தாண்டி அடுத்தது சாந்தினி சௌக், அதுதான் பழைய டில்லிக்கு. நிஜாமுதீனிலிருந்து ஆனந்த் விஹாருக்குப் பிங்க் லைனில் மாறாமலே போகலாம். ஆனால் மெட்ரோ இருக்கிறது என்று ஒரு மணி நேர இடைவெளியில் டிக்கெட் போடாதீர்கள். நம் ஊர் வண்டி டில்லி வருவதற்குள் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். தாமதமாக நிறைய வாய்ப்பு உண்டு. அரை நாளாவது விடுங்கள்.

அந்த அமாவாசைக்கு அப்பா யமுனைக் கரையில்தான் தர்ப்பணம் பண்ணினார். கொஞ்ச தூரத்தில் அந்தப் பழைய இரும்புப் பாலத்தின் மேல் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. "ஆறு எதுவானா என்னடா, தாத்தாவுக்குப் போய்ச் சேரும்" என்றார். அம்மாவின் சொம்புகள் காலியாகவே திருச்சி திரும்பின. அப்பா அதற்கப்புறம் வடக்கே வரவே இல்லை.

சித்தப்பா டிக்கெட்டை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். இறங்குவது நிஜாமுதீன், ஏறுவது ஆனந்த் விஹார். இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். அந்தச் சொம்புகளைச் சித்தியிடம் கொடுத்தனுப்பும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.