வாவிக்கரை வண்டிகளும் பந்துமூட்டும்

மட்டக்களப்பு நாட்டின் பழமையை ஆராய்வோர் கோவில்களையும் குடிமரபுகளையும் கூத்துக்களையும் விரித்துரைப்பர். அந்நாட்டு மாந்தரையும் நெல்லையும் சுமந்த வண்டிகளோ அத்துணைக் கவனம் பெறுவதில்லை. வண்டியின் உறுப்பொன்று மாறியபோது அதனைப் பேணும் அறிவும் உடன்மாறிற்றா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி இந்நாட்டை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பகுக்கின்றது. தோணியும், ‘பாதை’ எனப்படும் மிதவையும் இருகரையையும் இணைத்தன. 1924ஆம் ஆண்டிற் கல்லடியில் மானிங் சீமாட்டி பெயரால் இரும்புப் பாலம் எழுந்தது. 1928இற் புகையிரதம் வந்தது. மண்முனைத்துறையிலோ 2014இற் பாலம் திறக்கப்படும்வரை மோட்டார் வண்டிகளும் பாதையேறியே வாவியைக் கடந்தன.

மாட்டு வண்டியிற் சில்லுத் தனியே திரும்புவதில்லை. மாடு திரும்ப வண்டி முழுதும் திரும்பும். முன்சில்லு ஒவ்வொன்றும் தன் முளையிலே திரும்பும் முறையை மியூனிக் நகரத்து லாங்கென்ஸ்பெர்கர் வகுத்தார். 1818இல் அக்கர்மன் அதற்கு இலண்டனில் உரிமை பெற்றார். மோட்டார் வண்டி அம்முளையை மரபுரிமையாகக் கொண்டது. 1948இல் வெளிவந்து இலங்கை வீதிகளிற் பெருவழக்குற்ற மொறிஸ் மைனரிலும் மரையிட்ட முளையே சில்லைத் தாங்கிற்று. அதற்குத் தவறாது கிறீஸ் ஊட்டவேண்டும்; ஊட்டாவிடின் மரை தேய்ந்து சில்லு மடியும்.

பின்னர்ப் பந்துமூட்டுப் பரவியது. 1934இற் சிற்றோயனும், 1952இல் லிங்கனும், 1959இல் மினியும் அதனைக் கையாண்டன. இடுப்பெலும்புக் குழியிலே தொடையெலும்பின் தலை சுழலுமாறு, கொன்ட்ரோல் ஆமின் நுனியிலுள்ள கிண்ணத்தில் எஃகுப் பந்து சுழலும். சில்லு மேலுங் கீழும் அசையவும் பக்கம் திரும்பவும் அஃதொன்றே போதும்.

இங்கேதான் ஒரு முறிவு நேர்ந்தது. தொடக்ககாலத்து மூட்டுக்களிற் கிறீஸ் ஊட்டும் வாய் இருந்தது. இக்காலத்தனவற்றுட் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே கிறீஸ் நிரப்பி றப்பர் உறையால் மூடப்பட்டவை. உறை கிழிந்தால் மணலும் உவர்நீரும் புகுந்து பந்தை அரிக்கும். கடலும் வாவியும் சூழ்ந்த எமது நிலத்தில் இது மறக்கத்தக்கதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் சிலரோடு யான் சென்ற வான், வளைவொன்றில் மெல்லத் திரும்புகையில் இடப்புற முன்சில்லு மடிந்து வீதியிற் சரிந்தது. வேகம் குறைவாதலின் உயிர் தப்பினோம். இரு கிழமைக்கு முன் சாரதி ஓசையைச் சொல்லியபோது, “கிறீஸ் போட்டாற் போதும்” என்று ஒரு பட்டறையில் அனுப்பிவிட்டனராம். முளைக்குரிய மருந்து மூட்டுக்குக் கூறப்பட்டது. உறுப்பு மாறிற்று; வழக்கம் மாறவில்லை.

இவ்வழக்கம் அறியாமையால் மாத்திரம் நிலைத்ததன்று. 1969ஆம் ஆண்டின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பின், 1977 வரை நிலவிய தட்டுப்பாட்டுக் காலத்திற் பழையதைக் கடைந்தும் ஒட்டியும் ஓட்டுவதே திறமையாயிற்று. 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி தடைப்பட்டமையாற் பழைய வண்டிகள் மேலும் நெடிதோடின. அத்திறமை போற்றத்தக்கதே. ஆயினும் தேய்ந்த பந்துமூட்டு ஒட்டிச் சீராக்கத்தக்கதன்று, மாற்றியே தீரவேண்டும்.

அவ்வேலை மறைபொருளன்று. வண்டியை ஜக்கால் உயர்த்தி, ஜக்கை மாத்திரம் நம்பாது உறுதியான தாங்கியில் நிறுத்துவர். மூட்டின் பளுவை நீக்கிச் சில்லை நெம்பினால் தளர்வு புலப்படும். பிளவாணியையும் நட்டையும் கழற்றிக் கூம்புத்தண்டை அதன் துளையினின்று பிரித்துப் புதிய மூட்டைப் பொருத்துவர். உற்பத்தியாளர் விதித்த அளவுக்கு நட்டை இறுக்கிப் புதிய பிளவாணி இடுவர். இறுதியிற் சில்லுகளின் நேர்மையைச் சோதிப்பர். மூட்டு ஆமோடு ஒன்றாயமைந்த வண்டிகளில் ஆம் முழுதையுமே மாற்றுவர்.

உருவு சிறிதென்று எவரையும் இகழலாகாது என்பதற்கு வள்ளுவர் தேரின் அச்சாணியையே சான்றாக்கினார். அச்சாணி முளையாயிற்று, முளை பந்துமூட்டாயிற்று. ஊர்ப் பட்டறைகளின் கைத்தொழிலறிவை எழுத்திற் பதித்து, மாணவர்க்குப் பாடமாக்குதல் கற்றோர் கடன். தவறின், நேற்றைய அறிவே நாளைய விபத்துக்கு ஏதுவாகும்.