கூலிங் பேட்: பென்டியம் காலத்து மிச்சம்

லேப்டாப் வாங்கினதும் கூடவே கூலிங் பேடும் வாங்கணுமா? பதிலுக்கு முன்னாடி, இந்தப் பொருளுக்கு ஏன் தேவை வந்துச்சுன்னு பார்த்துடுவோம்.

2000-ல இன்டெல் பென்டியம் 4-ஐ வெளியிட்டது. அன்னிக்குக் கடையில விலைபோனது கிகாஹெர்ட்ஸ் எண்தான். எண் ஏற ஏற சூடும் ஏறிச்சு. மேசைக் கணினிக்குச் செஞ்ச அந்தச் சிப்பையே சில கம்பெனிகள் லேப்டாப்புக்குள்ள வெச்சு வித்தாங்க. செங்கல் கனம், மடியில வெச்சா தோசைக்கல்! 2004-ல வந்த பிரெஸ்காட் வகை மேசைச் சிப்புகள்ல சில 100 வாட்டையே தாண்டின. அதே வருஷம், அடுத்து வரவிருந்த தேஜஸ் சிப்பை இன்டெல் கைவிட்டது.

பயம் உடம்புப் பக்கமும் திரும்பிச்சு. 2004 கடைசியில நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் ஆய்வாளர்கள், 29 இளைஞர்களை ஒரு மணி நேரம் மடியில லேப்டாப்போட உட்கார வெச்சாங்க. விதைப்பையின் வெப்பம் 2.6 முதல் 2.8 டிகிரி வரை கூடிச்சு. ஆனா லேப்டாப்பே இல்லாம தொடையைச் சேர்த்து வெச்சு உட்கார்ந்தாலே 2.1 டிகிரி கூடுதுன்னும் அதே ஆய்வு சொல்லுது. அதை யார் தலைப்புல போடப் போறாங்க? 2010-ல அதே குழு லேப்டாப்புக்குக் கீழ ஒரு பலகை வெச்சுப் பார்த்தது. சூடு ஏறுறது தாமதமாச்சு, நிக்கலை.

இதுக்கு நடுவுல, இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் குழு வேற வழியில போச்சு. 2003-ல வந்த அவங்க பென்டியம் எம், லேப்டாப்புக்காகவே செஞ்சது. வேகமான வகைகளுக்கும் ஏறக்குறைய 25 வாட் போதும். பின்னாடி வந்த சிப்புகள் இந்தப் பாதையைத்தான் பிடிச்சது. 2020 நவம்பர்ல வந்த எம்1 மேக்புக் ஏர்ல ஃபேனே கிடையாது. காத்தை உறிஞ்ச துவாரமே இல்லாத அந்த மெஷினுக்குக் கீழ நாலு ஃபேனைச் சுத்த விட்டு பெருசா என்ன கிடைக்கும்?

ஃபேன் இருக்கிற லேப்டாப்ல சிப்போட சூட்டைச் செம்புக் குழாய் ஓரத்துக்குக் கொண்டுபோகும், ஃபேன் வெளிய தள்ளும். இந்த வெப்பக் குழாயை 1963-ல லாஸ் அலமோஸ்ல ஜார்ஜ் குரோவர் செஞ்சு காட்டினார், விண்வெளிக் கருவிகளை மனசுல வெச்சு. பெரும்பாலான மாடல்கள் காத்தை அடிப்பக்கத்துலருந்துதான் இழுக்கும். அதனால கூலிங் பேட் செய்யுற நல்லதுல பெரும்பகுதி, லேப்டாப்பைக் கொஞ்சம் தூக்கி வைக்கிறதுதான். பழைய யுஎஸ்பி துளை தர்ற 2.5 வாட்ல சுத்துற ஃபேன், அறையில இருக்கிற அதே காத்தைத்தான் தள்ளும். மே மாசத்துல அந்தக் காத்தே எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்.

என் கணக்கு இதுதான். மணிக்கணக்கா கேம், வீடியோ எடிட்டிங்னா வாங்கலாம், சில டிகிரி குறையும். பிரவுசர், படம், ஆபீஸ் வேலைன்னா வேண்டாம். அந்தக் காசுல ரெண்டு மூணு வருஷம் ஆன லேப்டாப்பைத் திறந்து தூசி தட்டச் சொல்லுங்க, பின்பக்கத்துக்கு ரெண்டு பழைய புத்தகம் முட்டுக் கொடுங்க. துவாரத்தை மட்டும் மறைச்சுடாதீங்க. முக்கியமா, மெத்தை மேல வெச்சுப் படம் பார்க்காதீங்க.