கோடு அழித்த பேரேடு

கணக்குப் பேரேட்டுத் தாளில் கோடுகளை அழித்துவிட்டுக் கல்யாணப் பத்திரிகை எழுதினால் எப்படி இருக்கும்? வலைப்பக்கங்களின் சரித்திரத்தில் சுமார் பத்து வருஷம் அந்தக் காரியந்தான் நடந்தது.

ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை யோசித்தபோது, விஞ்ஞானிகள் தகவல் பரிமாறிக்கொள்வதுதான் நோக்கம். இது தலைப்பு, இது பத்தி என்று எச்.டி.எம்.எல். அடையாளம் போடும், அலங்காரம் அதன் கவலை அல்ல. 1995-இல் நெட்ஸ்கேப் உலாவியில் அட்டவணை போடும் வசதி வந்தது. புள்ளிவிவரங்களுக்காக ஏற்பட்ட வசதி அது. பத்திரிகைப் பக்கம் மாதிரி பத்தி பிரிக்க வழியில்லாமல் தவித்த வடிவமைப்பாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டின் கனத்தைப் பூஜ்யமாக்கினால் கட்டம் மறைந்துவிடும். ஒரு கட்டத்தில் படம், இன்னொன்றில் எழுத்து. இடைவெளி விடுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம். 1996-இல் டேவிட் சீகல் ஒரு புத்தகமே எழுதி இந்தத் தந்திரங்களைப் பரப்பினார்.

நேர்வழி இல்லாமல் இல்லை. அதே செர்னில் இருந்த ஹோகன் வியூம் லீ, 1994 அக்டோபரிலேயே சி.எஸ்.எஸ். யோசனையை வெளியிட்டிருந்தார். சொல்லும் விஷயம் ஓரிடத்தில், அதன் தோற்றம் வேறிடத்தில் என்பது அதன் சாரம். 1996 டிசம்பரில் அதற்கு அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் உலாவிகள் அந்த விதிகளை ஆளுக்கொரு விதமாக நிறைவேற்றின. மறுநாள் காலையில் பக்கத்தை ஒப்படைக்க வேண்டியவன் என்ன செய்வான்? அட்டவணையையே நம்பினான். அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால், நஷ்டப்பட்டவர் ஒருவர் உண்டு. பார்வையற்ற என் நண்பர், திரையை உரக்க வாசிக்கும் கருவியைக் கொண்டு அப்படிப்பட்ட பழைய பக்கம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் கண்ணுக்குக் கதை நடுவில் பளிச்சென்று தெரிந்தது. கருவியோ கட்டம் கட்டமாக இடது ஓரத்துச் சமாசாரங்களை ஒப்பித்துக்கொண்டே போயிற்று. "கதை எப்போது ஐயா வரும்?" என்று கேட்டார் நண்பர். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

1998-இல் வலைத் தர இயக்கம் தொடங்கி, உலாவிக் கம்பெனிகளுடன் வாதாடியது. 2003-இல் டேவ் ஷே 'சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்' என்ற தளத்தில், ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் ஒரே பக்கத்துக்குப் பல வேஷங்கள் கட்டிக் காட்டினார். சந்தேகப்பட்டவர்கள் பலர் வாயடைத்துப் போனார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 2017-இல் குரோம், பயர்பாக்ஸ் முதலிய உலாவிகளில் சி.எஸ்.எஸ்.ஸுக்குள்ளேயே 'கிரிட்' என்று வரிசையும் பத்தியும் வந்து சேர்ந்தன. அட்டவணைக்காரர்கள் கேட்டதும் அதைத்தானே! அவர்கள் ஆசை நியாயமானது; இரவல் வாங்கிய இடந்தான் தப்பு. அந்தத் தப்புக்கு வட்டி கட்டியவர் மாத்திரம் என் நண்பர்.