குழாய்த் தண்ணீரும் தாயின் எழுத்தறிவும்



ஒரே தோட்டம், ஒரே கூலி. அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் இரண்டு குழந்தைகள். ஒன்று வயதுக்கேற்ற உயரத்தோடு ஓடி விளையாடுகிறது. மற்றொன்று இரண்டு வயது நிறைந்தும் ஒன்றரை வயதுப் பிள்ளைபோல் நிற்கிறது. "அப்பன் குட்டை, பிள்ளையும் குட்டை" என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். காரணம் அவ்வளவு எளிதானதா?

வயதுக்குரிய உயரத்தை எட்டாத நிலையை வளர்ச்சி குன்றல் என்பர். கருவுற்ற தாய்க்குச் சத்துக் குறைவது, குழந்தைக்கு ஏற்ற உணவு கிடைக்காதது, அடிக்கடி நோய் வருவது ஆகியவை இதற்கு முதன்மையான காரணங்கள். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குப் பசி எடுப்பதில்லை. உண்டதும் உடம்பில் ஒட்டுவதில்லை. தேறி வருமுன் மீண்டும் நோய் வந்தால் வளர்ச்சி தடைப்படுகிறது. கருவில் தொடங்கி இரண்டு வயதுக்குள் இழந்த உயரத்தைப் பின்னர் மீட்பது அரிது. கற்கும் திறனும் அதனால் பாதிக்கப்படலாம்.

இதற்கும் தாயின் படிப்புக்கும் என்ன தொடர்பு? நம் மண்ணின் வரலாற்றைப் பார்ப்போம்.

1936ஆம் ஆண்டு டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் மலாயாவுக்கு வந்தார். அதற்கு முன்னர் ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில், இன்றைய கானாவில், பணியாற்றியவர். தாய்ப்பால் மறந்த குழந்தைகளைத் தாக்கும் குவாஷியோர்க்கர் என்னும் சத்துக்குறைவு நோயை மருத்துவ உலகுக்கு விளக்கியவர். சிங்கப்பூரில் பல தாய்மார்கள் தாய்ப்பாலை விட்டு, இனிப்பூட்டிய டின்பாலைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுப்பதை அவர் கண்டார். 1939ஆம் ஆண்டு, சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், "பாலும் கொலையும்" என்ற பொருள்படும் தலைப்பில் உரையாற்றினார். அவர் தாய்மாரைச் சாடவில்லை. குழந்தைக்கு ஏற்றது என்று டின்பாலை விளம்பரப்படுத்தியோரையே சாடினார். தவறான செய்தி தாயின் காதில் விழுந்தால் அதன் விலையைக் குழந்தை கொடுக்கிறது என்பதற்கு இது சான்று.

அந்நாளில் தோட்டப்புறத் தாய்க்குச் சரியான செய்தி எப்படிக் கிடைக்கும்? கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என்றது. பள்ளிகள் தோன்றின. ஆனால் பெற்றோர் பால்மரம் வெட்டப் போனபின் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டுமே! பல வீடுகளில் அந்தப் பொறுப்பு மூத்த பெண்பிள்ளையின் தலையில் விழுந்தது. எழுத்தறியாமலே அவள் வளர்ந்தாள், தாயும் ஆனாள்.

காலம் மாறியது. குழாய்த் தண்ணீர் வந்தது, கழிப்பிடங்கள் வந்தன. 1976, 1977ஆம் ஆண்டுகளில் தீபகற்ப மலேசியாவில் 1,262 குடும்பங்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதில் திரட்டிய விவரங்களை எஸ்ரே, ஹபிக்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1988ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவர்கள் அளந்தது உயரத்தை அன்று. கைக்குழந்தைகள் உயிர் பிழைப்பதை. ஆயினும் அசுத்தத்தால் வரும் நோயே இரண்டுக்கும் பொதுவான பகை.

அவர்கள் கண்டது என்ன? கழிப்பிடம் வந்ததால் பெரும்பயன் அடைந்தவை எழுத்தறியாத தாய்மாரின் குழந்தைகள். எழுத்தறிந்த தாய், கழிப்பிடம் இல்லாத இடத்திலும் தன் குழந்தையை ஓரளவு காத்துக்கொண்டாள் என்பது இதன் பொருள். குழாய்த் தண்ணீரிலோ நிலைமை நேர்மாறு. எழுத்தறிந்த தாயின் குழந்தைக்கே அதன் பயன் மிகுதி. வந்த தண்ணீரைக் குழந்தையின் தூய்மைக்கு அவள் நன்கு பயன்படுத்தினாள் என்று ஆய்வாளர்கள் கருதினர். குழாய் ஒன்றுதான், பலன் ஒன்றன்று.

அப்படியானால் படிக்காத தாய்க்கு அன்பு குறைவா? இல்லை. குறை அவளுடையதன்று. அவளைப் பள்ளிக்கு அனுப்ப இயலாமற்போன வறுமையும், அனுப்பத் தேவையில்லை என்று கருதிய சமுதாயமுமே அதற்குப் பொறுப்பு.

படிப்பு ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் எண்ணிவிடலாகாது. பெண்கள் பெருவாரியாகப் பள்ளி சென்ற பின்னும், 2019ஆம் ஆண்டு மலேசிய தேசிய ஆய்வில் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியிருந்தனர். ஐவரில் ஒருவர்! முட்டையும் மீனும் நல்லவை என்று அறிந்த தாய்க்கு, அவற்றை வாங்கக் கையில் காசும் வேண்டும். ஊட்டுவதற்கு ஓய்வும் வேண்டும்.

நேயர்களே, சுவரில் கோடு கிழித்துக் குழந்தையின் உயரத்தை அளக்கிறோம். அந்தக் கோட்டை உயர்த்தும் முயற்சி, அதன் தாய் சிறுமியாய் இருந்த நாளிலேயே தொடங்கவேண்டும். இன்று உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை பள்ளியில் கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும், நாளைய பேரப்பிள்ளைக்குச் சேர்த்துவைக்கும் செல்வம்.