இலங்கையில் மலேரியா

முறைக்காய்ச்சல், குளிர்காய்ச்சல் என்று தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்த மலேரியாவை இலங்கையில் பெரிதும் பரப்பியது அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு. வெயில் படும் தெளிந்த, தேங்கிய நீரில் அது முட்டையிடும். ஓடும் ஆற்றில் அதன் புழு நிலைப்பதில்லை. இந்த ஒரு பண்பை வைத்தே தீவின் நோய் வரலாற்றில் பெரும்பகுதியை விளக்கிவிடலாம். வன்னியும் அநுராதபுரமும் அடங்கிய உலர்வலயத்தில் தூர்ந்த குளங்களும் குட்டைகளும் ஆண்டுதோறும் காய்ச்சலைத் தந்தன. அங்கே பிழைத்து வளர்ந்தவர்களின் உடலில் ஓரளவு எதிர்ப்பாற்றல் இருந்தது. ஆறுகள் வற்றாத தென்மேற்கு ஈரவலயத்தில் நோய் அரிது, எதிர்ப்பாற்றலும் அரிது. அதனால் மற்ற நாடுகளில் பெருமழை கொண்டுவரும் கொள்ளைநோயை இலங்கையின் ஈரவலயத்தில் மழையின்மை கொண்டுவந்தது. அநுராதபுர, பொலன்னறுவை நாகரிகங்களை அழித்தது மலேரியாவே என்று கூறியவர்கள் உண்டு. படையெடுப்பாலும் அரசுரிமைப் போராலும் பராமரிப்பு நின்று, உடைந்த குளங்களே நுளம்புக்கு இடம் தந்தன என்ற மறுதரப்பே வலுவாகத் தெரிகிறது. குளத்தைக் காக்கும் சமூகம் சிதைந்த பிறகுதான் குளம் நோய்க்கிடங்காகிறது.

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் மணல் நடுவே குட்டை குட்டையாகத் தேங்கின. ஆண்டின் கடைசி மாதங்களில் கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் காய்ச்சல் கிளம்பியது. சுமார் 53 லட்சம் மக்கள் வாழ்ந்த தீவில் அடுத்த சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். குழந்தைகளே அதிகம். மழையும் நுளம்பும் எதிர்ப்பாற்றல் இன்மையும் போதுமே, இதில் சமூகக் காரணம் எங்கே என்று கேட்கலாம். தொற்று ஏன் பரவியது என்பதற்கு அவை போதும். தொற்றியவர்களில் இத்தனை பேர் ஏன் மாண்டார்கள் என்பதற்குப் போதா. பஞ்சாபில் 1908இல் நேர்ந்த மலேரியாக் கொள்ளைநோயை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ், 1911இல் வெளிவந்த அறிக்கையில் மழையளவோடு தானிய விலையையும் சேர்த்தே சாவைக் கணித்தார். இலங்கையிலும் அந்தக் கணக்குப் பொருந்துகிறது. 1934இல் பஞ்சம் இல்லை, கொழும்புத் துறைமுகத்தில் அரிசி வந்து இறங்கிக்கொண்டிருந்தது என்பது உண்மையே. ஆனால் உலகப் பொருளாதார மந்தத்தில் தேங்காயும் ரப்பரும் விலை வீழ்ந்திருந்தன. வயலும் காய்ந்தது. கையில் காசில்லாத கேகாலைக் கூலிக்குத் துறைமுகத்து அரிசி எட்டாத அரிசி. நிவாரணத்துக்கு ஊரூராகச் சென்ற இடதுசாரி இளைஞர்களான சூரிய மல் இயக்கத்தினர் கொயினாவோடு உணவையும் கொண்டுபோனார்கள். அவர்களில் பருப்பு விநியோகித்த என். எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மாத்தயா’ என்ற பெயரே நிலைத்தது. சாகும் மனிதனுக்கு மருந்தோடு சோறும் வேண்டும் என்பதை அந்தக் கிராமங்கள் எந்த ஆய்வின் துணையுமின்றி அறிந்திருந்தன. 1936 தேர்தலில் கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1931 முதலே சர்வசன வாக்குரிமை இருந்த நாட்டில் நோய் அரசியல் கேள்வியாவது இயல்பு.

சாவின் அளவைச் சமூக நிலையே தீர்மானித்தது என்ற இந்த வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்று டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி. வீட்டுச் சுவர்களில் அதைத் தெளிக்கும் பணி இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு தீவெங்கும் விரிந்தது. 1946இல் ஆயிரத்துக்கு 20ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14ஆக இறங்கியது. சராசரி ஆயுள் ஒரே ஆண்டில் 43இலிருந்து 52க்கு ஏறியது என்று கணக்கிட்டார்கள். ஒரு வேதிப்பொருள் ஓராண்டில் செய்ததைச் சமூகச் சீர்திருத்தம் நூறாண்டில் செய்யுமா என்ற கேள்வி அன்று உலகெங்கும் எழுந்தது. பொருளியலாளர் பீட்டர் நியூமன் இந்த இறப்பு வீழ்ச்சியில் கணிசமான பங்கு டிடிடிக்கே உரியது என்று நிறுவ முயன்றார். மக்கள்தொகையியலாளர் எஸ். ஏ. மீகம அதை மறுத்தார். மலேரியா அரிதான பகுதிகளிலும் அதே காலத்தில் சாவு குறைந்ததே, அங்கே எந்தச் சுவர் மருந்து வேலை செய்தது? 1942 முதல் பங்கீட்டு அரிசி எல்லோருக்கும் கிடைத்தது. கொள்ளைநோய்க்குப் பின் கிராம மருந்தகங்களும் மருத்துவிச்சிகளும் பெருகினர். 1945இல் இலவசக் கல்வி வந்தது. உலர்வலயத்தில் டிடிடி செய்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. தீவு முழுவதன் சாவுக் குறைவையும் அதன் கணக்கில் எழுதுவதும் அப்படியே.

டிடிடியின் எல்லையை அடுத்த இருபது ஆண்டுகள் காட்டின. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளிகள் 17 பேர். வெற்றி கிட்டியதென்று தெளிப்பு நின்றது, கண்காணிப்பு தளர்ந்தது, மீண்டும் வறட்சி வந்தது. 1969க்குள் நோயாளிகள் ஆண்டுக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டினர். ஆனால் இறந்தவர்கள் 1935ஆம் ஆண்டோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சொற்பம். குளோரோகுயின் மாத்திரைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. அந்த மாத்திரை நடக்கும் தூரத்தில், காசில்லாமல், கிடைத்தது என்பதற்கும் அதே அளவு பங்கு உண்டு.

எல்லோருக்கும் அப்படிக் கிடைக்கவில்லை. இந்த வரலாற்றில் வழக்கமாக விடுபடுவது மலையகம். உயர்ந்த தேயிலை மலைகளில் குளிரால் மலேரியா குறைவு. நுளம்பை மட்டும் பார்த்தால் தீவின் நலமான மக்கள் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். நேர்மாறாக, டிடிடி வந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் தோட்டத் தமிழரின் குழந்தைகள் நாட்டின் சராசரியைவிட அதிகமாக இறந்தனர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. மருத்துவம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் கிடந்தது. குடும்பங்கள் லயன் அறைகளில் நெருங்கி வாழ்ந்தன. 1973, 1974இல் உலக உணவு விலை ஏறி, பங்கீட்டு அரிசியும் குறைந்தபோது, பயிரிடச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாத தோட்டங்களில் சாவு கூடியது. குறைந்த செலவில் நிறைந்த நலம் என்று உலகம் இலங்கையைப் புகழ்ந்தபோது, அந்தப் புகழுக்கு அடிப்படையான சராசரி இவர்களை மறைத்தது.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடகிழக்கில் மலேரியா மறுபடி பெருகியது. இடம்பெயர்ந்தோர் காட்டோரங்களில் தங்கினர். மருந்தும் தெளிப்பும் தடைப்பட்டன. எனினும் சண்டை நடந்த பகுதிகளுக்குள்ளும் சுகாதாரப் பணியாளர்கள் சென்றுவந்தார்கள், போர் முடியும் முன்பே நோய் இறங்கத் தொடங்கியது. தீவுக்குள்ளேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதற்குச் சில மாதங்களுக்குள் மன்னாரின் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கண்டறியப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இந்த நுளம்புக்கு ஆற்றுக்குட்டை வேண்டாம். மூடாத கிணறும் நீர்த்தொட்டியும் போதும்.