இரண்டாவது வயரின் கதை

மரண அறிவித்தல் வாசிக்கும்போது ஒலி நின்றால், யாருடைய பெயரோ என்று வீடுகளில் பதற்றம். அதனால் எமது கலையகத்தின் இரண்டு மொடெம்களையும் தனித்தனி ஈதர்நெட் வயரால் சுவிச்சுடன் இணைத்திருக்கிறேன். ஒன்று விழுந்தால் மற்றது ஏற்கும்.

1973இல் அமெரிக்காவின் செறொக்ஸ் ஆய்வுகூடத்தில் ரொபேர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை முன்மொழிந்தபோது எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கம்பிதான். பின்னர் வலையமைப்புகளைப் பெட்டிகளால் இணைத்தார்கள். காவலுக்கு இரண்டாவது வயர் போட்டால் ஆபத்து: தரவு வட்டமாய்ச் சுற்றிச்சுற்றி எல்லாவற்றையும் முடக்கிவிடும். 1985இல் டிஜிட்டல் நிறுவனத்தில் றேடியா பேர்ள்மன் வழி கண்டார். பெட்டிகள் தமக்குள் பேசி மேலதிக வயரைத் தூங்கவைக்கும். முதலாவது அறுந்தால் எழுப்பும். (என்ன பொறுமையான யோசனை!)

எழும்ப அரை நிமிடத்துக்கு மேலும் ஆகும். வானொலியில் அது நீண்ட மௌனம். 2001இல் வந்த புதிய முறை அதைச் சில விநாடிகளாகக் குறைத்தது.