ஏரி நீர் மேலாண்மைப் பயிற்சி: பாடாலூர் – கரைவெட்டி வட்டாரம்

ஏரி, வாய்க்கால், கிணறு ஆகியவற்றின் நீரைப் பயிருக்கும் குடிதண்ணீருக்கும் அந்நீரை நம்பி வாழும் பறவை, மீன்களுக்கும் பங்கிட்டுக் காக்கும் பணியில் இருப்போருக்கு அளிக்கப்படும் தொழிற்பயிற்சி இது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பொறியாளர், வனத்துறை ஊழியர், உழவர் என ஒவ்வொரு பிரிவினருக்கும் தனித்தனி நிறுவனங்கள் இதைக் கற்றுத் தருகின்றன. ஏரி ஒன்று, அதற்குப் பாடம் மட்டும் நான்கு இடத்தில் என்பதே இவ்வட்டாரத்தின் தனித்தன்மை. குறையும் அதுவே.

பாடாலூர், திருச்சி – சென்னை தேசிய நெடுஞ்சாலையில், பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் உள்ள ஊர். சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம் விளையும் மேட்டுநிலம் அது. கிணறும் பருவமழையும்தான் அதற்கு ஆதாரம். அடியில் கடினப்பாறை இருப்பதால் பெய்த மழை ஊறித் தங்க இடம் குறைவு. ஏரி நிரம்பினால்தான் கிணறு ஊறும். பச்சைமலைப் பக்கம் தோன்றும் மருதையாறு இவ்வட்டத்தைக் கடந்து அரியலூர் மாவட்டத்துக்குள் இறங்கிக் கொள்ளிடத்தில் சேர்கிறது. கிழக்கே போகப்போக நிலம் தாழ்ந்து, சுண்ணாம்புப் பாறையும் நெல்வயலும் பெரிய ஏரிகளும் வருகின்றன. அந்த ஏரிகளில் பெயர்பெற்றது கரைவெட்டி.

கரைவெட்டி ஏரி 453.7 ஹெக்டேர் பரப்புள்ளது. பாசனத்துக்காக மனிதர் வெட்டிய ஏரி. 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரி இறுதியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. இங்கு 198 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் அவற்றுள் ஒன்று. அதே தண்ணீரில்தான் சுற்றுப்புற ஊர்க்காரர்கள் நெல், கரும்பு, பருத்தி, மக்காச்சோளம், துவரை பயிரிடுகிறார்கள். ஏரிக்கு நீர் தருவது புள்ளம்பாடி வாய்க்கால். காவிரியின் இடக்கரையில் வாத்தலையில் தலைப்புள்ள இவ்வாய்க்காலின் ஆயக்கட்டு 22,114 ஏக்கர். மேட்டூர் அணையின் இருப்பைப் பொறுத்து ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள் தண்ணீர் விடுவது வழக்கம்.

இந்த ஒரே ஏரியில் மதகைத் திறப்பது நீர்வளத்துறை, பறவையைக் காப்பது வனத்துறை, பயிருக்கு யோசனை சொல்வது வேளாண்மைத்துறை. ஏரியோடு தொடர்புடையோர் பயிலும் இடங்களும் வெவ்வேறு. பாசனப் பொறியாளர்களுக்கு 1984-இல் தொடங்கப்பட்ட துவாக்குடி பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம். வனவர், வனக்காப்பாளர்களுக்கு வைகை அணையிலுள்ள வனப் பயிற்சிக் கல்லூரி. உழவர்களுக்கு பெரம்பலூர் மாவட்டத்தில் வாலிகண்டபுரத்து ரோவர் வேளாண் அறிவியல் நிலையமும் அரியலூர் மாவட்டத்தில் சோழமாதேவி கிரீடு வேளாண் அறிவியல் நிலையமும். துவாக்குடியில் பொறியாளர்களோடு உழவர்களுக்கும் வகுப்பு நடப்பதுண்டு. பாடாலூர்க்காரருக்கு துவாக்குடியும் எட்டாத தூரமல்ல, வாலிகண்டபுரமும் அப்படியே. ஆனால் மதகைத் திறப்பவரும் பறவையை எண்ணுபவரும் நாற்று நடுபவரும் ஒரே கரையில் நின்று ஒரே பாடம் கேட்பது அரிது.

பாடத்தின் முதற்பகுதி அளவு. வாய்க்காலில் போகும் தண்ணீரைக் கண்ணால் பார்த்து ‘நிறைய’, ‘கொஞ்சம்’ என்பதோடு நின்றால் பங்கீடு சண்டையில்தான் முடியும். கருவி எதுவும் இல்லாமலே அளக்கலாம். நேராக ஓடும் பகுதியில் 50 அடி இடைவெளியில் இரண்டு முளைக்குச்சி அடித்து, மேல்குச்சியருகே ஒரு மரத்துண்டை மிதக்க விட்டு, அது கீழ்க்குச்சிக்கு வந்துசேரும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 40 விநாடி ஆனால் வேகம் விநாடிக்கு 1.25 அடி. வாய்க்கால் 4 அடி அகலம், தண்ணீர் ஒன்றரை அடி ஆழம் என்றால் மூன்றையும் பெருக்க 7.5 வரும். மேல்நீர் அடிநீரைவிட வேகமாக ஓடுவதால் 0.85-ஆல் பெருக்கிக் குறைத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 6.4 கன அடி. விநாடிக்கு ஒரு கன அடி நீர் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறத்தாழ இரண்டு ஏக்கரில் ஓரடி நிற்கும். எனவே இந்த வாய்க்கால் ஒரு நாளில், வழிச்சேதத்தைக் கணக்கில் கொள்ளாமல், 75 ஏக்கரில் இரண்டு அங்குலம் நிறுத்தும். கடைமடைக்காரர் ‘எங்களுக்கு வரவில்லை’ என்றால், அதற்கு மேல் பேச்சு எண்ணில் நடக்கும். மற்ற எல்லாப் பாடத்தையும்விட இதற்குப் பயன் அதிகம் என்பேன். இதற்குச் செலவும் இல்லை.

இரண்டாம் பகுதி வயலில். நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் கட்டி நிற்க வேண்டும் என்ற நம்பிக்கையை மாற்றுவது பயிற்றுநருக்குக் கடினமான வேலை. ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறைக்குச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கருவி மிக எளியது: சுற்றிலும் துளையிட்ட, 30 செ.மீ. நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய். பாதியை மண்ணில் இறக்கி, உள்ளே உள்ள சேற்றை அள்ளிப் போட்டுவிட்டால் வயலின் நீர்மட்டம் குழாய்க்குள் தெரியும். மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும்வரை காத்திருந்து, பிறகு 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் இதைச் செய்யக்கூடாது. அப்போது வயலில் நீர் நின்றாக வேண்டும். பாடாலூர்ப் பக்கத்து வெங்காயக் காட்டுக்கு இதே பாடம் சொட்டுநீர்க் குழாயாக வருகிறது. சிறு, குறு உழவர்களுக்கு நுண்ணீர்ப் பாசனத்துக்கு 100 விழுக்காடும் பிறருக்கு 75 விழுக்காடும் தமிழக அரசு மானியம் தருகிறது. குழாய் கிடைப்பது எளிது. அடைபட்ட சொட்டுவானைக் கழற்றிக் கழுவக் கற்பதில்தான் பயிற்சி தேவை.

மூன்றாம் பகுதி சட்டமும் சங்கமும். 2000-ஆம் ஆண்டுச் சட்டம், பாசன அமைப்புகளை நிர்வகிக்கும் பொறுப்பில் உழவர்களுக்கு இடம் தந்து, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழி செய்தது. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற வழி வகுத்தது. சங்கத் தலைவருக்குக் கணக்கெழுதவும் மதிப்பீடு படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு அவர் வேலை முடிந்துவிடும்.

நிர்வாகிக்குத் தகுதி கேட்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (921) ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் எடுக்கச் சொல்கிறது. வயது 35-க்கு மேல், 70-க்குள், கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், வேதக் கல்வி. மதகைப் பற்றித் தெரியுமா என்று அக்கல்வெட்டு கேட்கவில்லை. அந்த அறிவு குமிழித் தூம்பில் மூழ்கித் திறந்தவரிடமும் மடை திருப்பியவரிடமும் இருந்தது. இன்றும் நீர்பாய்ச்சியிடமும் வாய்க்கால் லஸ்கரிடமும்தான் இருக்கிறது. எந்த மடை கசியும், எந்தக் கலிங்கு முதலில் வழியும், எந்த வயலுக்கு இரவில் விட்டால் காலைக்குள் பாயும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பயிற்சி வகுப்புகளில் இவர்கள் ஆசிரியராக உட்கார வேண்டியவர்கள். மாணவராகக்கூட அழைக்கப்படுவது குறைவு.

ஈரநிலம் என்ற வகைப்பாட்டிலும் ஒரு முடிச்சு உண்டு. ராம்சார் உடன்படிக்கை 1971-இல் ஏற்பட்டது. இந்தியா 1982-இல் சேர்ந்தது. 2008-இல் தென்கொரியாவின் சாங்வோனில் கூடிய உறுப்பு நாடுகள் நெல்வயலையும் ஈரநில அமைப்பாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றின. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ நெல்வயலையும், பாசனத்துக்கென்றே கட்டிய நீர்நிலைகளையும் ஈரநில வரையறையிலிருந்து விலக்கிவைத்தன. பாசனத்துக்காக வெட்டிய கரைவெட்டி, சரணாலயம், ராம்சார் என்ற தகுதிகளால் காப்புக்குள் வந்தது. அத்தகைய தகுதி கிடைக்காத பக்கத்து ஏரிகளும், வரித்தலை வாத்து இரைதேடி இறங்கும் வயல்களும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. பயிற்சிக்கு வரும் வனத்துறை ஊழியரும் வேளாண் அலுவலரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. தமிழக அரசு பின்னர் தொடங்கிய ஈரநில இயக்கம் ஐந்தாண்டில் 100 ஈரநிலங்களை அடையாளம் கண்டு மீட்கும் இலக்குடையது.

பயிற்சித் திட்டங்களில் இன்னும் சரியாக இடம்பெறாதது டிசம்பர் நடுப்பகுதிக்குப் பிந்தைய காலம். வாய்க்கால் அடைக்கப்பட்டபின் ஏரியில் நிற்பதே இருப்பு. சம்பாவுக்குக் கடைசித் தண்ணீர் அதிலிருந்துதான் போக வேண்டும். மீன் குத்தகைதாரருக்கு ஏரி வற்றினால் பிடிப்பது எளிது. குளிர்கால வலசை வந்த வாத்துகளுக்குக் கணுக்கால் முதல் முழங்கால் ஆழம்வரை பரந்த நீர் வேண்டும். கோடையில் பக்கத்துக் கிணறுகள் ஊறவும் கொஞ்சம் மிஞ்சியாக வேண்டும். மதகை எந்த மட்டத்தில் நிறுத்துவது என்பதை அந்த நான்கு தேவைக்காகவும் பேசுவோர் சேர்ந்து, மட்டக்கல்லைப் பார்த்து, ஜனவரிக்குள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.